திறவுச்சொல்லும் தொகைச்சொல்லும்

இணையத்தில் தமிழ் எழுதுவோரிடையே அண்மைக்காலமாக ஒரு விதி வழங்கி வருகின்றது. படிப்போர் எந்தச் சொல்லைத் தேடுபொறியில் இட்டுத் தேடுவரோ, அந்தச் சொல்லையே கட்டுரைத் தலைப்பின் முதலில் நிறுத்தவேண்டும். முதலில் நின்றால் அப்பக்கம் தேடல் முடிவுகளில் மேலேறும். பின்னே நின்றால் கீழிறங்கும் என்பதே அவ்விதி. தேடுவோர் இடும் அச்சொற்களைத் திறவுச்சொற்கள் என்பர். செய்தித்தளங்களில் தொடங்கிய இவ்வழக்கம் இன்று இலக்கியக் கழக அறிக்கை, பள்ளி ஆண்டு மலர், மாணவர் கட்டுரை ஆகியவற்றின் தலைப்புகள் வரை வந்துவிட்டது. உருபுகளை உதிர்த்து, ஒற்றுகளை நீக்கி, பெயர்ச்சொற்களை மட்டும் வரிசையாக அடுக்கிய தலைப்புகள் நாள்தோறும் பெருகுகின்றன. “பொறிக்காக இப்படி எழுதுகின்றோம்” என்பது அவற்றை எழுதுவோர் கூறும் அமைதி.

இலக்கண வழுவுக்கு அமைதி கூறுவது தமிழ் மரபுதான். ஆயினும் கூறப்படும் அமைதி மெய்யானதா என ஆராய்வதும் அம்மரபே ஆகும். இங்கு ஆராயத்தக்க வினாக்கள் இரண்டு. தேடுபொறி சொற்களின் வரிசையை எண்ணிப் பார்க்கின்றதா என்பது ஒன்று. பார்க்குமாயின், ஆங்கிலத்துக்கு வகுத்த விதி தமிழுக்கும் அப்படியே பொருந்துமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கணிப்பொறியியலில் உள்ளது. இரண்டாவதற்கு விடை தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் நடத்தும் தொகைநிலைத் தொடர்ப் பாடத்திலேயே உள்ளது.

ஏட்டிலும் அச்சிலும் தேடல்

முதற்சொல்லுக்குத் தனிச்சிறப்பு அளிப்பது கணிப்பொறியோடு வந்த புதுமை அன்று. திவாகரம், பிங்கலம் முதலிய பழைய நிகண்டுகள் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வகையால் தொகுத்தன. ஒரு சொல்லைக் காண விழைவோன் அஃது எவ்வகையைச் சார்ந்தது என முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் நூல் முழுவதையும் மனப்பாடம் செய்திருத்தல் வேண்டும். 1594இல் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தியது. 1732இல் வீரமாமுனிவர் தந்த சதுரகராதி அம்முறையை மேலும் வளர்த்து, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களை அமைத்தது. அவற்றுள் தொடையகராதி எதுகை நோக்கிச் சொல் தேடும் புலவர்க்கு உதவுவது. ஒரே சொல்லைப் பல வாயில்கள் வழியே சென்று காணலாம் என்னும் எண்ணம் அன்றே தமிழில் வேரூன்றிவிட்டது.

அச்சுநூல் பெருகிய காலத்தில் செய்யுள் முதற்குறிப்பகராதி தோன்றியது. உ. வே. சாமிநாதையரின் சங்கநூற் பதிப்புகளைப் பயின்றோர் அதன் அருமையை அறிவர். பாட்டின் முதற்சொல் நினைவிலிருந்தால் நொடியில் பாட்டைக் கண்டுவிடலாம். ஆனால் இடையில் வரும் ஓர் உவமை மட்டும் நினைவிலிருப்பவனுக்கு அவ்வகராதியால் பயனில்லை. இக்குறையை ஒருவாறு நீக்கவே சொல்லடைவுகள் எழுந்தன. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967, 1968, 1970 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு இத்துறையில் ஒரு பெருமுயற்சி. பாட்டின் எவ்விடத்தில் நிற்கும் சொல்லாயினும் அதைக் கொண்டு பாட்டைக் காணலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று.

இவ்வரலாற்றில் உணரத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதற்சொல்லைச் சார்ந்து தேடுவது, எல்லாச் சொற்களுக்கும் அடைவு அமைக்க மனித உழைப்புப் போதாமையால் நேர்ந்த கட்டுப்பாடு. அக்கட்டுப்பாட்டை அகற்றுவதற்கென்றே பிறந்தது தேடுபொறி. அகன்று போன கட்டுப்பாட்டையே விதியாக்கி, தேடுபொறியின் பெயரால் மீண்டும் எழுத்தாளர்மேல் ஏற்றுவது விந்தையாகும்.

பொறியின் கணக்கு

தேடுபொறி தன்னிடமுள்ள பக்கங்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே ஒரு மாபெரும் சொல்லடைவைத் தொகுத்து வைத்துக்கொள்கின்றது. ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அச்சொல் பயிலும் பக்கங்களின் பட்டியல் இருக்கும். இரண்டு சொற்களைத் தந்து தேடினால், இரு பட்டியல்களிலும் பொதுவாக உள்ள பக்கங்களைப் பொறி பொறுக்கி எடுக்கும். அவற்றுள் எதை முன் வைப்பது, எதைப் பின் வைப்பது என்பதே தரவரிசைச் சிக்கல்.

இச்சிக்கலுக்கு அடிப்படையான விடை ஒன்றை 1972இல் கேம்பிரிட்சைச் சார்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அறிஞர் அளித்தார். எல்லாப் பக்கங்களிலும் பயிலும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு; சில பக்கங்களில் மட்டும் பயிலும் அருஞ்சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது அவர் கண்ட நெறி. 1975இல் ஜெரார்டு சால்டனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு, ஒரு பக்கத்தை அதன் சொற்களின் எடைகளால் ஆன ஒரு கணியமாகவே கருதியது. இத்தகைய முறைகளில் பக்கம் என்பது சொற்களைப் போட்டுக் கட்டிய பை போன்றது. எந்தச் சொல் முதலில் விழுந்தது, எது பின்னர் விழுந்தது என்பது பைக்குத் தெரியாது. ஆதலின் சொல் வரிசைக்கு அங்கு இடமே இல்லை.

கூகுள் நிறுவனத்தைத் தோற்றுவித்த செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1998இல் தம் பொறியின் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் அடைவில் சொல்லோடு அது நிற்கும் இடத்தையும் குறித்துவைத்தனர். தலைப்பில் நிற்கும் சொல்லையும், பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்பில் நிற்கும் சொல்லையும் வேறு பிரித்து எண்ணினர். பல சொற்களைத் தந்து தேடும்போது அச்சொற்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு அணுக்கமாக நிற்கின்றன என்பதை 10 படிகளாக வகுத்தனர். முழுத்தொடராக ஒட்டி நிற்பது ஒரு முனை. மிகத் தொலைவில் சிதறிக் கிடப்பது மறு முனை. தலைப்புக்குத் தனிமதிப்பு உண்டு, சொற்களின் அணுக்கத்துக்கும் தனிமதிப்பு உண்டு என்பன இக்கட்டுரையால் தெளிவாகின்றன. தலைப்பின் முதற்சொல்லுக்கு மட்டும் மணிமுடி சூட்டவேண்டும் என அக்கட்டுரை கூறவில்லை.

அதன்பின் பொறிகள் பெரிதும் மாறிவிட்டன. இன்றைய பொறிகளின் முழுக்கணக்கையும் அவற்றை நடத்துவோர் வெளியிடுவதில்லை. ஆயினும் ஒரு பெருமாற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 2018இல் கூகுள் ஆய்வாளர் பெர்ட் என்னும் மொழிக் கணிமுறையை வெளியிட்டனர். வாக்கியத்தில் சில சொற்களை மறைத்துவிட்டு, முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டு மறைந்த சொல்லை உய்த்துணரப் பழக்குவது அம்முறை. கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் பள்ளிப் பயிற்சிக்கு அது நிகரானது. இத்தகைய கணிமுறையில் ஒவ்வொரு சொல்லோடும் அதன் இடத்தைக் குறிக்கும் எண்ணும் உடன் செலுத்தப்படுகின்றது. 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலிலும், அவ்வாண்டு டிசம்பரில் தமிழ் உட்பட 70க்கு மேற்பட்ட மொழிகளிலும் இம்முறை பயன்பாட்டுக்கு வந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. எனவே, பொறி வரிசையை எண்ணிப் பார்க்கின்றதா என்னும் முதல் வினாவுக்கு, ஆம் என்பதே இன்றைய விடை. ஆனால் அது சொற்களிடையே உள்ள உறவை அறிவதற்காக வரிசையைப் பார்க்கின்றதேயன்றி, முதலில் நிற்பதற்குப் பரிசளிப்பதற்காகப் பார்க்கவில்லை.

உருபு செய்யும் பணி

பெர்ட் முறையை அறிவித்தபோது கூகுள் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு தமிழாசிரியர் கருத்தை ஈர்க்கத்தக்கது. பிரேசில் நாட்டுப் பயணி ஒருவர் அமெரிக்காவுக்குச் செல்ல விசா வேண்டுமா என ஆங்கிலத்தில் கேட்கின்றார். பழைய பொறி, அமெரிக்கர் பிரேசிலுக்குச் செல்வது பற்றிய பக்கத்தைக் கொணர்ந்து நிறுத்தியது. இரு நாட்டுப் பெயர்களும் பயணமும் விசாவும் அப்பக்கத்திலும் இருந்தன. ஆனால் திசை மாறிவிட்டது. ‘அமெரிக்காவுக்கு’ என்பதிலுள்ள ‘கு’ உருபின் பொருளைத் தரும் சிறுசொல்லையும் அது நின்ற இடத்தையும் பழைய பொறி பொருட்படுத்தாமையே இதற்குக் காரணம்.

ஆங்கிலத்தில் இப்பொருளைத் தருவது ஒரு தனிச்சொல்லும் அதன் இடமும் ஆகும். தமிழில் இதனைத் தருவது நான்காம் வேற்றுமை உருபு. “ஆசிரியர் மாணவனைப் பாராட்டினார்” என்பதை “மாணவனை ஆசிரியர் பாராட்டினார்” என மாற்றினாலும் பாராட்டியவர் ஆசிரியரே, பாராட்டப்பட்டவன் மாணவனே. அழுத்தம் சற்றே மாறலாம், பொருள் திரியாது. ஆங்கிலத்தில் இருவர் பெயரையும் இடம் மாற்றினால் மாணவன் ஆசிரியரைப் பாராட்டியவனாகிவிடுவான்.

தமிழில் சொற்கள் இடம்பெயர்வதை இலக்கண நூலார் நன்கு அறிந்து வகை செய்துள்ளனர். தொல்காப்பியர் எச்சவியலில் நிரனிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு கூறினார். நன்னூலார் ஆற்றுநீர் முதல் அடிமறிமாற்று ஈறாக எட்டுப் பொருள்கோள் வகுத்தார். செய்யுளில் தொலைவில் கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் காணும் பயிற்சி தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. அப்பயிற்சி கைகூடுவதற்குத் துணை நிற்பவை உருபுகளும் வினைமுற்றின் விகுதிகளும் ஆகும். உருபு இருக்கும் வரை சொல் எங்கு நின்றாலும் தன் உறவை மறவாது. ஆகவே உருபோடு எழுதிய தமிழ்த் தொடரில், சொல் வரிசை பொருளை ஆளும் ஆற்றல் ஆங்கிலத்தில் இருப்பதினும் மிகக் குறைவு.

உருபு தொக்கால் நேர்வது

இங்குதான் சிக்கலின் நடுவிடம் உள்ளது. தேடுவோர் முழுத்தொடரை இடுவதில்லை. ‘ஆசிரியர் பயிற்சி ஈப்போ’ என்றும், ‘ரப்பர் விலை’ என்றும் உருபு இன்றியே இடுகின்றனர். உருபும் வினையும் மறைந்து பெயர்கள் மட்டும் நிற்கும் இத்தொடர்க்குத் தமிழிலக்கணம் இட்ட பெயர் தொகை. திறவுச்சொல் தொடர் என்று இன்று வழங்குவது பெரும்பாலும் தொகைநிலைத் தொடரே. தொகையில் உருபு இல்லாமையால் அதன் பணியைச் சொல்லின் இடமே ஏற்றுக்கொள்கின்றது. எனவே, தமிழில் சொல் வரிசை எங்கே இன்றியமையாதது என வினவினால், தொகையில் என்று விடை கூறலாம்.

எடுத்துக்காட்டுகள் தொலைவில் இல்லை. ஆசிரியர் பயிற்சி என்பது ஒரு கல்வி. பயிற்சி ஆசிரியர் என்பவர் அக்கல்வியைப் பெறும் ஒருவர். பால்மரம் என்பது தோட்டத்தார் நாள்தோறும் வெட்டிய ரப்பர் மரம். மரப்பால் என்பது அதிலிருந்து வடிந்தது. தோட்டப் பள்ளி என்றால் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் பள்ளி; பள்ளித் தோட்டம் என்றால் அப்பள்ளியின் புறத்தே மாணவர் கீரையும் வெண்டையும் பயிரிடும் நிலம். ஒவ்வோர் இணையிலும் சொற்கள் அவையே. சொற்பை முறையில் இயங்கும் பொறிக்கு இவ்விணைகளிடையே வேறுபாடு தோன்றாது. தமிழ்ப் பிள்ளைக்கோ ஐயமே எழாது.

தொகைகள் எல்லாம் ஒருபடித்தானவை அல்ல. தொகையின் பொருள் ஒரு சொல்லின்மேல் நிற்பதும், மற்றதன்மேல் நிற்பதும், இரண்டன்மேலும் ஒருங்கே நிற்பதும், இரண்டிலும் நில்லாது வெளியே வேறொன்றில் நிற்பதும் எனத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்தார். இப்பகுப்பைத் தேடலோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். வேங்கைப்பூ என்பது வேற்றுமைத் தொகை. பொருள் பூவின்மேல் நிற்கின்றது. அதை மாற்றிப் பூவேங்கை எனின் பொருள் மரத்தின்மேல் சென்றுவிடும். தாய்தந்தை என்பது உம்மைத்தொகை. தந்தைதாய் என மாற்றினும் பொருள் அதுவே. பொற்றொடி வந்தாள் என்பது அன்மொழித்தொகை; பொன்னும் தொடியும் அங்குப் பொருளல்ல, அத்தொடியை அணிந்த பெண்ணே பொருள். இதனால் ஒரு தெளிவான முடிவு கிடைக்கின்றது. இடும் சொற்களிடையே ‘உம்’ மறைந்திருப்பின் வரிசையைப் பற்றிக் கவலுற வேண்டுவதில்லை. உருபோ பண்போ மறைந்திருப்பின் வரிசையே பொருள். வெளியிலுள்ள பொருளைக் குறிக்கும் அன்மொழித்தொகையாயின் சொற்களை எவ்வாறு அடுக்கினும் போதாது. கருதிய பொருளின் பெயரையே வெளிப்படக் கூறல் வேண்டும்.

வரிசையாலும் தீராத ஐயங்கள் சில உண்டு. ‘புலி கொல் யானை’ என உரையாசிரியர் காட்டும் தொடர் அத்தகையது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பதை வரிசை கூறாது. உருபை விரித்தால்தான் ஐயம் தீரும். பொறியிடம் திறவுச்சொற்களை மட்டும் எறிந்துவிட்டு, விடை பொருந்தவில்லையே எனக் குறை கூறுவோர் இத்தொடரை நினைத்தல் நன்று.

ஒற்றின் பணியும் இங்குக் கருதத்தக்கது. ‘பள்ளித் தோட்டம்’ என்பதில் உள்ள தகர ஒற்று வெறும் ஒலி அழகுக்காக வந்ததன்று. பள்ளியும் தோட்டமும் என உம்மைத்தொகையாகக் கொண்டால் வல்லினம் மிகாது. பள்ளியினது தோட்டம் என உறவு கொண்டால் மிகும். பொறிக்கு எளிதாகுமென்று ஒற்றை நீக்கி ‘பள்ளி தோட்டம்’ என எழுதுவோர், இச்சொற்களிடையே உள்ள உறவைக் காட்டும் ஒரே அடையாளத்தையும் அழித்துவிடுகின்றனர். அவர்கள் கூறும் காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. தமிழ் இலக்கணம் அறியாத பொறிக்குப் ‘பள்ளி’, ‘பள்ளித்’, ‘பள்ளியில்’, ‘பள்ளிக்கு’ ஆகியவை நான்கு வேறு சொற்கள். ‘தமிழ்ப்பள்ளி’ எனச் சேர்த்து எழுதினால் ஒரு சொல். ‘தமிழ்ப் பள்ளி’ எனப் பிரித்தால் இரு சொற்கள். ‘மரம்’ என்று தேடினால் சாரியை பெற்ற ‘மரத்தில்’ அகப்படாமற் போகலாம். கண்மூடித்தனமாகப் பிரிப்பதிலும் கேடு உண்டு; ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையைப் பிரித்துவைத்தால், துன்பம் என்னும் பொருளுடைய ‘ஊறு’ என்ற பெயராக முற்பகுதி மயங்கும். ஆனால் இவற்றைக் கற்கவேண்டியது பொறி. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் பள்ளி என்னும் சொல் ஒற்றோடும் உருபோடும் தனித்தும் பல இடங்களில் இயல்பாகவே வரும். ஆகவே தலைப்பில் ஒற்றை வெட்டுவதால் அடையும் ஊதியம் மிகச் சிறிது.

சிம்பாங் பூலாய் கூறும் பாடம்

மலேசியத் தமிழர்க்கு இச்சிக்கலில் வேறொரு கூறும் உண்டு. அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்கள் மலாய் வரிசையில் அமைந்தவை. தமிழில் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் வரும். மலாயில் பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னும் வரும். ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குச் சாலை பிரியும் இடத்திலுள்ள சிம்பாங் பூலாய் இதற்கு நல்ல சான்று. சிம்பாங் என்பது சந்தி. பூலாய் என்பது ஒரு மரம். தமிழ் முறையில் இது பூலாய்ச் சந்தி ஆகும். தமிழர் ஏழிலைப்பாலை என வழங்கும் மரம் மலாயர் பூலாய் எனக் கூறும் இனத்தைச் சார்ந்தது. அதன் பலகை பள்ளிச் சிறுவர் எழுதப் பயன்பட்டமையால் தாவர நூலார் பள்ளியைக் குறிக்கும் சொல்லை அதன் பெயரில் சேர்த்தனர் என்பது ஆசிரியர்க்கு உவப்பளிக்கும் செய்தி.

இவ்வூரைத் தேடுவோன் நிலையை எண்ணுக. சிம்பாங் என்னும் சொல் சிம்பாங் அம்பாட், சிம்பாங் ரெங்கம் எனப் பல ஊர்ப்பெயர்களில் பயில்கின்றது. பூலாய் என்னும் சொல்லோ ஜொகூரிலுள்ள பூலாய் மலையின் பெயரிலும் உண்டு. முதற்சொல் மட்டும் ஊரைக் காட்டாது. அருஞ்சொல் மட்டும் காட்டாது. இரண்டும் இவ்வரிசையில் ஒட்டி நிற்பதே ஊரைக் காட்டும். இத்தகைய இடங்களில் தொடரை மேற்கோட் குறிக்குள் இட்டுத் தேடினால், அவ்வரிசையில் அவ்வாறே நிற்கும் பக்கங்களைப் பொறி நாடும். பத்து காஜா என்னும் ஊர்ப்பெயரில் இஃது இன்னும் தெளிவு. மலாயில் அது யானைக்கல் எனப் பொருள்படும். தமிழ் எழுத்தில் முதற்சொல் ‘பத்து’ என்னும் எண்ணுப்பெயராகத் தோன்றுகின்றது. எண்ணுப்பெயர் எங்கும் பயில்வது. ஆதலின் தேடலில் அதன் மதிப்பு மிகக் குறைவு. முதற்சொல்லே முதன்மை என்னும் விதியை இவ்வூரார் நம்பினால் தம் ஊரையே தேடிக் காணமுடியாது.

தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களையும் இவ்வாறே நோக்கலாம். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் அதிகாரமுறைப் பெயர்கள் மலாய் வரிசையில், தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி எனப் பொருள்படும் ஒரே தொடரில் தொடங்குகின்றன. தோட்டப் பள்ளியாயின் அடுத்து ‘லாடாங்’ என்னும் சொல் வரும். தோட்டம் என்பது அதன் பொருள். அதன் பின்னரே தோட்டத்தின் தனிப்பெயர் வரும். தமிழிலோ தோட்டத்தின் தனிப்பெயர் முதலில் வந்து, தோட்டம் அடுத்து நின்று, பள்ளி இறுதியில் முடியும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தன. பள்ளிகள் பல வேறிடங்களுக்குப் பெயர்ந்தபோதும் பழைய தோட்டப் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. அங்குப் பயின்ற ஒருவரின் பேரன் தன் பாட்டனாரின் பள்ளியைத் தேடப் புகுந்தால், அவன் தமிழ் வரிசையில் தேடுவானா, மலாய் வரிசையில் தேடுவானா என்பது தெரியாது. ‘பூலாய்’ என எழுதுவானா, ‘புலாய்’ என எழுதுவானா என்பதும் தெரியாது. எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் அடைவில் சொல்லே வேறாகிவிடும். அதன்பின் வரிசையைப் பற்றிப் பேச்சே இல்லை. இவ்வகையில், வரிசையால் இழப்பதினும் எழுத்துக்கூட்டலால் இழப்பது மிகுதி.

விதியின் குறை

இனி, தொடக்கத்தில் கூறிய விதியை மதிப்பிடலாம். அவ்விதியில் ஒரு நியாயம் உண்டு. கைப்பேசியின் சிறுதிரையில் நெடுந்தலைப்பு முழுவதும் தோன்றாது; இறுதி அறுபட்டுப் போகும். படிப்போர் கண்ணும் முதற் சில சொற்களையே விரைந்து பற்றும். ஆதலின் பொருளைச் சிறப்பித்துக் காட்டும் சொல் முன்னே நிற்பது நன்று. இது பொறிக்காகக் கூறும் காரணமன்று. படிக்கும் மனிதனுக்காகக் கூறும் காரணம்.

ஆனால் இவ்வறிவுரை எம்மொழியில் பிறந்தது என்பதை மறத்தலாகாது. ஆங்கிலத்தில் இயல்பான தலைப்பு, ‘வரலாறு’ என்னும் பொதுச்சொல்லில் தொடங்கித் தமிழ்ப்பள்ளிகளைக் கூறி, ஈப்போ என்னும் ஊர்ப்பெயரில் முடியும். சிறப்புச்சொல் கடைசியில் கிடப்பதால் அதை முன்னே இழுக்குமாறு அறிவுரை கூறுவோர் சொல்கின்றனர். தமிழிலோ ‘ஈப்போ தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு’ என எழுதும்போதே ஈப்போ முதலில் நின்றுவிடுகின்றது. தமிழின் அடை முன்னும் அடைகொளி பின்னும் வரும் இயல்பு, அவ்வறிவுரை வேண்டும் பயனை முன்னரே தந்துவிட்டது. இதனை உணராது, ‘வரலாறு: ஈப்போ தமிழ் பள்ளி’ என்றும், ‘தமிழ் பள்ளி ஈப்போ வரலாறு முழு விவரம்’ என்றும் எழுதுவது, கால் நன்றாயிருப்பவன் ஊன்றுகோல் வாங்கி அதனாலேயே இடறி விழுவதை ஒக்கும்.

ஒரே திறவுச்சொல்லைத் தலைப்பிலும் ஒவ்வொரு பத்தியிலும் வலிந்து திணிப்பதைக் கூகுள் நிறுவனத்தின் வெளிப்படையான நெறிமுறையே மோசடி வகையில் சேர்த்துள்ளது. பொறியும் விரும்பாத, படிப்போரும் விரும்பாத ஒன்றுக்காக மொழியின் உறுப்புகளை வெட்டுவதில் யாருக்கும் பயனில்லை. கேடு மட்டும் பள்ளியைச் சாரும். உருபற்ற தலைப்புகளையே நாள்தோறும் காணும் மாணவன் அவற்றையே தமிழ்நடை எனக் கொள்வான். பின்னர்த் தொகை எது, விரி எது எனக் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தலைப்பிலிருந்தே எடுத்துக்காட்டுத் தர இயலாது போகும்.

செய்யத்தக்கவை சிலவே. தலைப்பை உருபும் ஒற்றும் பொருந்திய தமிழ்த் தொடராக எழுதுதல் வேண்டும். ஊர்ப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கட்டுரை முழுவதும் வழங்கி, மக்கள் வழங்கும் வேறு வடிவம் உண்டேல் அதனை ஒருமுறை உடன் குறித்தல் வேண்டும். பள்ளியின் தமிழ்ப் பெயரோடு அதிகாரமுறை மலாய்ப் பெயரையும் ஓரிடத்தில் தருதல் வேண்டும். அப்போது இருவகை வரிசையிலும் தேடுவோர் வந்து சேர வழி உண்டாகும். பழைய ஆண்டு மலர்களைப் படமாக மட்டும் இணையத்தில் ஏற்றாது, எழுத்தாகவும் உள்ளிட்டால் அவற்றின் ஒவ்வொரு சொல்லும் அடைவில் ஏறும். மறைந்த தோட்டங்களின் நினைவு எஞ்சியிருக்கும் மலர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

தேடும் கலையையும் வகுப்பில் கற்பிக்கலாம். ‘தோட்டப் பள்ளி’, ‘பள்ளித் தோட்டம்’ என இரு வரிசையிலும் மாணவரைத் தேடச் செய்து, வரும் விடைகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம். பின்னர் உருபை விரித்து ‘தோட்டத்திலுள்ள பள்ளி’, ‘பள்ளியின் தோட்டம்’ எனத் தேடச் செய்யலாம். எங்கே விடை மாறியது, எங்கே மாறவில்லை என ஆராயும் மாணவன், தொகைநிலைத் தொடரைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்ய மாட்டான். பொறி பிழை செய்த இடத்தை அவனே கண்டு, அப்பிழை எந்தத் தொகையை எவ்வாறு மயங்கியதால் நேர்ந்தது எனப் பெயரிட்டும் கூறுவான்.